கோட்டுப்படி ஏறாத கதைகள்

அண்மையில் எமது பிரதேசத்தில் நடைபெற்ற ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவர்களுள் ஒருவனாக இருக்கும் வாய்ப்புக் கிட்டியது. வந்து சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட கதைகளுள் ஏழு கதைகளில் நீதிமன்றம் வந்தது. ஏழு கதைகளிலும் நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார். மூன்று கதைகளில் மரச்சுத்தியலால் மேசையில் தட்டி, 'ஓர்டர், ஓர்டர்' என்றார். காணி வழக்கு ஒன்றுக்காக எனது மாமாவுடன் இளமையில் பல தடவை கோட்டுக்குப் போய் வந்தவன் நான். அங்கே ஒரு நாளாவது சுத்தியலைக் கண்டதில்லை. அந்தச் சுத்தியல் தமிழ்நாட்டுச் சினிமாவிலிருந்து எமது கதைகளுக்குள் வந்து விழுந்தது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சுத்தியல் ஒரு சிறிய பிழை. அதனை அடித்துவிட்டுப் போகலாம். என்னை உறுத்தியது வேறொன்று. ஏழு கதைகளிலும் வழக்கு ஒரே நாளில் விளங்கப்பட்டு, அன்றே தீர்ப்பும் கிடைத்துவிடுகிறது. நல்லவன் விடுதலையாகிறான்; அல்லது நல்லவன் சிறைக்குப் போக, உம்மா வாசலில் மயங்கி விழுகிறாள். இலங்கையில் கோடு, கச்சேரி என்று அலைந்த எந்த மனிதனிடமாவது கேட்டுப் பாருங்கள். அவன் தீர்ப்பைப் பற்றிப் பேசமாட்டான். தவணையைப் பற்றித்தான் பேசுவான். எதிராளியின் சட்டத்தரணிக்குச் சுகமில்லை, ஒரு தவணை. நில அளவையாளரின் வரைபடம் வரவில்லை, ஒரு தவணை. நீதிபதி இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார், புதியவர் முதலிலிருந்து கேட்க வேண்டும், இன்னுமொரு தவணை.

எனது பெரிய மாமா பழைய கலண்டர்களை வீசமாட்டார். ஒவ்வொரு வருடக் கலண்டரிலும் சிவப்பு மையால் வட்டமிட்ட நான்கைந்து நாட்கள் இருக்கும். சுருட்டி இறப்பர் பட்டி போட்டு அலுமாரியின் மேல் அடுக்கி வைத்திருந்தார். அவர் மௌத்தானபோது அந்தப் பங்கு வழக்கு முடிந்திருக்கவில்லை. அவரது இடத்தில் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்ப்பதற்கு மேலும் இரண்டு தவணைகள் போயின. சர்ச்சைக்குரிய அந்தக் காணியில் பதினொரு தென்னை மரங்கள் இருந்தன. மாமா முதன்முதலில் கோட்டுப்படி ஏறியபோது அவை இளங்கன்றுகள்.

இந்த வாழ்வு எமது புனைகதையில் ஏன் இவ்வளவு அரிதாகப் பதிவாகிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வி இன்னும் கூர்மையாவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் நாவல் பிறந்ததே கோட்டு வளவுக்குள்தான். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு முன்சீப். ஆங்கிலத் தீர்ப்புக்களைத் தமிழாக்கித் தந்தவரும் அவரே. தமிழர் வாழும் நாட்டில், தமிழரான நீதிபதி முன்னிலையில், தமிழரான வக்கீல், தமிழரான கட்சிக்காரருக்காக ஆங்கிலத்தில் வாதாடும் அபத்தத்தை அந்நாவலிலேயே அவர் கிண்டலும் கோபமுமாகச் சாடுகிறார். கதையை நிறுத்தி வைத்துவிட்டுப் பிரசங்கம் செய்கிறார் என்று விமர்சகர்கள் குறை சொல்வதுண்டு. குறை உண்மைதான். ஆனால் அந்தப் பக்கங்களில்தான் ஒரு முன்சீப்பின் பல வருட எரிச்சல் மணக்கிறது. நாவலின் இராஜகுமாரிகளும் அற்புதச் சம்பவங்களும் பழைய கதைகளிலிருந்து வந்தவை. அந்த எரிச்சல் அவர் இருந்த நாற்காலியிலிருந்து வந்தது.

ஆறு வருடங்களின் பின்னர், 1885இல், அசன்பேயுடைய கதையைத் தந்த அறிஞர் சித்திலெப்பை கண்டியில் தொழில் செய்த பிறக்கிராசியார். எமது சமூகத்தின் கல்விக்கும் 'முஸ்லிம் நேசன்' ஊடாகப் பத்திரிகைத் துறைக்கும் அவர் ஆற்றிய பணியை இங்கு மீண்டும் சொல்லத் தேவையில்லை. எனக்கு ஓர் ஆதங்கம் மட்டும் உண்டு. அவரது காரியாலயத்தின் வாசலில் எத்தனை விதமான மனிதர்கள் வந்து நின்றிருப்பார்கள்! கடன்பட்டவர், காணி இழந்தவர், கைவிடப்பட்ட மனைவி, தோட்டத்திலிருந்து ஓடி வந்தவர். அவர்களை எழுதாமல் அவர் கெய்ரோவில் பிறந்த ஒரு சீமான் மகனை எழுதினார். அக்காலத்து முஸ்லிம் வாசகனுக்கு ஒரு பெருமித நாயகன் தேவைப்பட்டான் என்பதை நான் மறுக்கவில்லை. அராபி பாஷா நாடுகடத்தப்பட்டு இங்கு வந்து வாழ்ந்த காலம் அது. ஆயினும், கண்டிக் கோட்டுக்குள் தான் நாள்தோறும் கேட்டதை அந்தப் பிறக்கிராசியார் எழுதியிருந்தால், எமது நாவல் மரபின் முதலடி வேறொரு நிலத்தில் விழுந்திருக்கும்.

அவர் எழுதாமல் விட்டதை, இந்நாட்டில், ஒரு வெள்ளைக்காரர் எழுதினார்.

லெனார்ட் வுல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். அந்தப் பதவியோடு நீதவான் வேலையும் சேர்ந்தே வந்தது. ஊர் திரும்பிய பின் 1913இல் 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' நாவலை வெளியிட்டார். சிங்கள வாசகர்களுக்கு அது 'பெத்தேகம'. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கியபோது நீதிபதியாக நடித்தவர் ஆர்தர் சி. கிளார்க் என்பது ஒரு சுவையான தகவல்.

கதை எளிமையானது. காட்டோரக் கிராமத்து வேட்டைக்காரன் சிலிந்து. அவனது மகள் புஞ்சிமெனிக்கா. அவளது கணவன் பாபுன். வெளியூரிலிருந்து வந்த கடன்கார முதலாளி பெர்னாந்துவுக்குப் புஞ்சிமெனிக்கா மீது ஆசை. ஊர்த் தலைவன் பாபேஹாமி அவனுக்குத் துணை. இருவரும் சேர்ந்து களவுக் குற்றச்சாட்டு ஒன்றைச் சோடித்துப் பாபுனையும் சிலிந்துவையும் கோட்டில் ஏற்றுகிறார்கள். சிலிந்து தப்புகிறான். பாபுனுக்கு ஆறு மாதச் சிறை. அவன் சிறையிலேயே இறந்து போகிறான்.

இந்த வழக்கு விசாரணைப் பகுதியை எமது இளம் எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். அங்கே நீதவான் கெட்டவர் அல்லர். அவருக்கு இந்த வழக்கில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று மணக்கிறது. துருவிப் பார்க்கிறார். ஆனால் முன்னால் வைக்கப்பட்ட சாட்சியத்தை விட்டு வெளியே போக அவருக்கு வழியில்லை. நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இடையில் நிற்கிறார். சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்று பாபுனுக்குச் சொல்லப்படுகிறது. குறுக்குக் கேள்வி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. நீதவானின் ஆசனத்திலிருந்து பார்த்தால் திறந்த கதவுகளுக்கூடாகக் கீழே குடாக்கடலும் அதற்கப்பால் முடிவில்லாத காடும் தெரிகின்றன. நடக்கும் வழக்கின் உண்மை அந்தக் காட்டுக்குள் கிடக்கிறது. கோட்டுக்குள் வந்திருப்பது அதன் மொழிபெயர்ப்பு மட்டுமே. வுல்ஃப் இதனை விளக்கிச் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்து விடுகிறார்.

பின்னர் சிலிந்து பாபேஹாமியையும் பெர்னாந்துவையும் சுட்டுக் கொல்கிறான். தானாகவே போய்ச் சரணடைகிறான். தன்னை அவர்கள் வேட்டையாடினார்கள், காயப்பட்ட எருமை திரும்பிப் பாய்ந்தது, அவ்வளவுதான் என்பது அவன் தரப்பு. அதனைப் பதிவு செய்ய எந்தச் சட்டக் கோவையிலும் இடமில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் இருபது வருடச் சிறையாகக் குறைக்கப்படுகிறது. முதல் வழக்கில் பொய் வென்றது. இரண்டாம் வழக்கில் உண்மை வென்றது. சிலிந்துவுக்கு இரண்டும் ஒன்றுதான். நீதவானாக இருந்த ஒருவரே இதை எழுதினார் என்பதை நினைக்க, எமது கதைகளில் கறுப்பு அங்கி அணிந்து வரும் அந்த வில்லன் சட்டத்தரணியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அநீதி நடப்பதற்கு ஆசனத்தில் ஓர் அயோக்கியன் இருக்க வேண்டியதில்லை. மொழியும் காலமும் போதும். வேதநாயகம் பிள்ளை மொழியைக் கண்டார். வுல்ஃப் மொழியையும் கண்டார், சட்டம் கேட்கத் தெரியாத விடயங்களையும் கண்டார். காலத்தைக் கண்டவர் டிக்கன்ஸ். 'பிளீக் ஹவுஸ்' நாவலில் தலைமுறைகளைத் தாண்டி நடக்கும் சொத்து வழக்கு, சொத்து முழுவதும் வழக்குச் செலவிலேயே கரைந்தபின் தானாக முடிந்து போகிறது. எனது மாமாவின் கலண்டர் கட்டை அவர் பார்த்திருந்தால் ஒரு அத்தியாயம் கூட்டியிருப்பார்.

*

மொழி, காலம் ஆகிய இரண்டோடு மூன்றாவதாக விலையையும் சேர்க்க வேண்டும். ஓர் இழப்புக்குச் சட்டம் போடும் விலை.

எமது நாட்டில் ஒருவரின் அசட்டையினால் இன்னொருவருக்குத் தீங்கு நேர்ந்தால் நட்டஈடு கோருவது றோமன்-டச்சுச் சட்டத்தின் வழியே. அந்தப் பழைய சட்டத்தின்படி ஒரு மனிதர் இறந்து போனால், அவரது உழைப்பில் தங்கியிருந்தோர் தாம் இழந்த வருமானத்தைக் கேட்கலாம். மையித்துச் செலவைக் கேட்கலாம். துக்கத்துக்கு எதுவும் கேட்க முடியாது. ஏனெனில் துக்கம் பொருளாதார இழப்பு அல்ல. அப்படியானால் இறந்தது ஒரு குழந்தையாக இருந்தால்? குழந்தை உழைப்பதில்லை.

1992இல் கொழும்பில் ஒரு சிறுமி மூளைத் தண்டுக் கட்டியினால் இறந்தாள். நோயை உரிய வேளையில் கண்டறியத் தவறியதாக, புகழ்பெற்ற குழந்தை வைத்திய நிபுணர் ஒருவருக்கு எதிராகத் தந்தை வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. பெற்றோரின் துயரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதே காரணம். 2001இல் உயர் நீதிமன்றம் அதனையும் இல்லாமற் செய்தது. நோய் எப்படியும் குணப்படுத்த முடியாதது, ஆகவே அசட்டைக்கும் மரணத்துக்கும் இடையிலான தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் தர்க்கப்படி அத்தீர்ப்பில் பிழை காண்பது கடினம் என்று சட்டம் படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். நானும் வைத்தியருக்கு எதிராக இங்கு வழக்காட வரவில்லை. ஐம்பது இலட்சம், இரண்டரை இலட்சம், பூச்சியம் என்று படி இறங்கிய அந்தக் கணக்கின் நடுவில் ஒரு வீடு இருந்தது அல்லவா? மாலையில் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? அதனை எழுதுவது கதைக்காரனின் வேலை. சட்ட அறிக்கையில் அது இருக்காது.

இந்த இடத்தில் எமது வாசகர்களுக்குத் தியத் பற்றி நினைவு வரும். தவறுதலாக நிகழ்ந்த கொலைக்கும் வாரிசுகளுக்கு நட்டஈடு உண்டு என்று சூரா நிஸாவின் 92ஆம் வசனம் வகுத்திருக்கிறது. இறந்தவர் எவ்வளவு உழைத்தார் என்று அங்கு கேட்கப்படுவதில்லை. தொட்டிலில் கிடந்த ஆண்பிள்ளைக்கும் வணிகனுக்கும் ஒரே தியத்துத்தான். அந்த வகையில் அது றோமன்-டச்சுச் சட்டத்தை விட மனிதத்தன்மை மிக்கதாகவே எனக்குப் படுகிறது. அதேவேளை, பெண்ணின் தியத் ஆணின் தியத்தில் பாதி என்றே நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் கொண்டனர் என்பதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவதும் நேர்மையாகாது. அந்தச் சிறுமியின் கதையை எழுதப் போகும் முஸ்லிம் எழுத்தாளன் இந்த இரண்டு தராசுகளையும் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

பாராளுமன்றம் 2019இல்தான் இதற்கு ஒரு வழி செய்தது. ஆளொருவரின் மரணத்துக்கான நட்டஈடு அறவிடுதல் பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், நெருங்கிய உறவினர் அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்காகவும் நட்டஈடு கேட்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இச்சட்டத்துக்கும் இடையில் பதினெட்டு வருடங்கள். இக்காலத்தில் தாய்மையின் மகத்துவம் பற்றி நாம் எழுதிக் குவித்த கவிதைகளுக்குக் கணக்கில்லை. பிள்ளையை இழந்த தாயின் துக்கத்துக்கு நாட்டின் சட்டத்தில் பெறுமதி இல்லை என்பது எமது கவிஞர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தச் சட்டம் வந்து சில மாதங்களுக்குள் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏனைய அதிகாரிகளுக்கும் தனித்தனியே தொகைகள் விதிக்கப்பட்டன. இது அடிப்படை உரிமை வழக்கு. அசட்டைக்கான சாதாரண வழக்கு அல்ல. ஆயினும், அரச பதவியில் இருந்தவரின் அசட்டைக்கு அவரது சொந்தப் பையிலிருந்து விலை கொடுக்க வைத்தது என்ற வகையில் அது எமது நீதித்துறை வரலாற்றில் ஒரு மைல்கல். பணத்தைத் தவணை முறையில் செலுத்த அவர் அவகாசம் கேட்டார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். இழந்தவனுக்கும் தவணை, கொடுக்க வேண்டியவனுக்கும் தவணை.

*

போட்டிக்கு வந்த கதைகளுள் ஒன்றைப் பற்றி மட்டும் நல்லதாகச் சொல்ல வேண்டும். கலவரம் ஒன்றில் எரிக்கப்பட்ட புடைவைக் கடையின் சொந்தக்காரர் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கிறார். ஊரின் பெயர் சொல்லப்படவில்லை. அளுத்கமவோ திகனவோ, வாசகன் தனக்குத் தெரிந்த ஊரை இட்டு நிரப்பிக் கொள்ளலாம். எரிந்த பொருட்களுக்குப் பற்றுச்சீட்டு வேண்டும் என்கிறார் எழுதுவினைஞர். பற்றுச்சீட்டுக்கள் கடை மேசையின் லாச்சிக்குள் இருந்தன. லாச்சி எரிந்து விட்டது. எழுதுவினைஞர் நல்ல மனிதர். தேநீர் வாங்கிக் கொடுக்கிறார். ஆனால் படிவத்தின் ஒன்பதாம் கூட்டை வெறுமையாக விட்டால் கணினி ஏற்காது. மறுநாள் கடைக்காரர் சாம்பலைக் கிளறி லாச்சியின் பித்தளைக் கைப்பிடியை எடுத்து, கழுவித் துடைத்து, கடதாசியில் சுற்றிக்கொண்டு மீண்டும் அந்தக் கந்தோருக்குப் போகிறார்.

இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். எழுதியவரோ நம்பவில்லை, வாசகனையும் நம்பவில்லை, தன்னையும் நம்பவில்லை. மேலும் இரண்டு பக்கங்கள் எழுதி, ஒரு மேலதிகாரியைக் கொடியவனாக்கி, வழக்குப் போட்டு, மூக்குக்கண்ணாடி நீதிபதியை வரவழைத்து, இன ஐக்கியம் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்ற வைத்துவிட்டார். இரண்டாம் பரிசுதான் கொடுக்க முடிந்தது. அந்தப் பித்தளைக் கைப்பிடிக்கு முதற்பரிசு கொடுத்திருப்பேன்.

எமது சொந்த நீதிமன்றமான காதி நீதிமன்றத்தைப் பற்றியும் இவ்வாறே. தலாக்கையும் சீதனத்தையும் பற்றி எம்மவர் எழுதிய கதைகள் ஏராளம். அவை பெரும்பாலும் குசினியில் தொடங்கி வாசற்படியில் முடிகின்றன. அவள் வீட்டை விட்டு வெளியேறுவாள், அல்லது வெளியேற்றப்படுவாள், கதை முடியும். உண்மையில் அவளது கதை அங்குதான் தொடங்குகிறது. தாபரிப்புப் பணம் கேட்டு அவள் காதியார் முன் போக வேண்டும். 1951ஆம் ஆண்டின் சட்டத்தின்படி காதியார் ஓர் ஆண். அங்கே அவளுக்காகப் பேசச் சட்டத்தரணி தோன்ற முடியாது. பஸஹ் கேட்பவளாக இருந்தால் சாட்சிகளோடு வரவேண்டும். கதவு மூடிய வீட்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி யார்? இச்சட்டத்தைச் சீர்திருத்த 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018 ஜனவரியில்தான் அறிக்கையைக் கையளித்தது. ஒரு குழுவுக்கே ஒன்பது வருடத் தவணை என்றால், அந்தக் குழுவிடம் வந்து சாட்சியம் சொன்ன பெண்களுக்கு? சட்டம் மாற வேண்டுமா, எவ்வளவு மாற வேண்டும் என்பதில் எமது வாசகர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை இங்கு தீர்க்க நான் முனையவில்லை. ஆனால் காதியாரின் முன்விறாந்தையில் கைப்பிள்ளையோடு காத்திருக்கும் பெண்ணை எழுதுவதற்கு எந்தப் பத்வாவும் தேவையில்லை.

*

இதுவரை நான் மற்றவர்களின் மேல் வைத்த குற்றச்சாட்டை இனி என்மேலும் வைக்க வேண்டும்.

2020 மே மாதத்தில் மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவர் 2017இல் வெளியிட்ட 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதி அவருக்கு எதிரான சான்றானது. நீதிமன்றம் எமது கதைகளுக்குள் வரவில்லை என்று நான் முறைப்பட்டுக்கொண்டிருக்க, எமது கவிதை நீதிமன்றத்துக்குள் போய்விட்டது. தமிழ்க் கவிதையின் மரபை அறியாதவர்களின் மேசையில் அந்தப் புத்தகம் விரிக்கப்பட்டது. பாபுனின் வழக்கில் இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளர் இங்கும் நின்றார். போரையும் மதத்தின் பெயரிலான வன்முறையையும் கண்டிக்கும் கவிதைகள் அதே தொகுதியில் இருந்தமை பின்னர் மொழிபெயர்ப்புக்கள் வாயிலாகத் தெரியவந்தது.

இதே காலப்பகுதியில் சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி, ஓகஸ்டில் பிணையில் வந்து, 2021 பெப்ரவரியில் விடுவிக்கப்பட்டார். அவர் மீது பாய்ந்தது, சிவில், அரசியல் உரிமைகளைப் பாதுகாக்கவென 2007இல் கொண்டுவரப்பட்ட சட்டம். ஆகவே இது முஸ்லிம் எழுத்தாளனுக்கு மட்டும் நேர்ந்தது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது.

அஹ்னாப் 2021 டிசம்பரில் பிணையில் வெளிவந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எமது போட்டிக் கதைக்காரர் எழுதியிருந்தால், நல்லவன் விடுதலையானான் என்று முடித்திருப்பார். கைதுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையில் மூன்றரை வருடங்கள். அதில் ஒன்றரை வருடத்துக்கும் மேல் கம்பிகளுக்குப் பின்னால். அதற்கான நட்டஈட்டை எந்தக் கணக்கில், எந்தக் கூட்டில் எழுதுவது? 2019ஆம் ஆண்டுச் சட்டம் மரணத்துக்கானது. உயிரோடு திரும்பி வந்தவனின் இழந்த நாட்களுக்கு அதில் இடமில்லை.

அவருக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர்கள் உண்டு. சட்டத்தரணிகளும் மனித உரிமை அமைப்புக்களும் உண்டு. அவர்களுக்கு எனது மரியாதை. நான் சொல்வது விமர்சகனின் வேலையைப் பற்றி. ஒரு கவிதை என்ன சொல்கிறது, ஒரு படிமம் எவ்வாறு இயங்குகிறது, கவிதையில் வரும் 'நான்' கவிஞன்தானா என்பதையெல்லாம் விளக்குவதாகச் சொல்லித்தானே நாம் இத்தனை வருடங்களாகப் பக்கங்களை நிரப்பி வந்திருக்கிறோம்? இந்நாட்டில் ஒரு தமிழ்க் கவிதையை எப்படி வாசிப்பது என்ற கேள்வி மெய்யாகவே ஒரு மனிதனின் சுதந்திரத்தைத் தீர்மானித்த வேளை அதுதான். அந்நாட்களில் நான் 'நவரசம்' பற்றி ஒரு வரி எழுதவில்லை. புத்தகத்தைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. பயம் என்று சொன்னால் அது பாதி உண்மை. வழக்கு நடக்கிறது, முடியட்டும், பார்ப்போம் என்று நினைத்தேன். நானும் எனக்கு ஒரு தவணை எடுத்துக்கொண்டேன்.

அன்றிருந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுப்புக்காவல் உத்தரவு மூன்று மாதத்துக்கு ஒன்று. அவ்வாறு நீட்டி நீட்டிப் பதினெட்டு மாதம் வரை வைத்திருக்கலாம். 2022இல்தான் அது பன்னிரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. காலாண்டிதழ்களில் எழுதுபவன் என்ற வகையில் அந்த மூன்று மாதக் கணக்கு எனக்கு நன்கு பழக்கமானது. அவர் உள்ளே இருந்த காலம், ஒரு காலாண்டிதழுக்கு ஆறு இதழ்கள்.

'நவரசம்' பிரதி ஒன்று புத்தளத்து நண்பர் ஒருவரிடமிருந்து சென்ற மாதம்தான் கைக்குக் கிடைத்தது. வாசித்துக்கொண்டிருக்கிறேன். சில கவிதைகள் முதல் தொகுதிக்கே உரிய உரத்த குரலில் பேசுகின்றன. சிலவற்றைத் திரும்பவும் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் இடம் தந்தால், நிறைகளையும் குறைகளையும், வேறெந்தக் கவிதை நூலைப் பற்றியும் எழுதுவதைப் போலவே, அடுத்த இதழில் எழுதுகிறேன்.